ரத்னதீபனின் குரல்

தும்மல் வரப்போகிறது. வரட்டும் என்று விடவும் முடியாது, அடக்கவும் கூடாது, அடக்கினால் அது தொண்டையில்தான் போய் இடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூக்கு நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, பஸ் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற பாறைகளை எண்ணுகிறேன். ஹைதராபாத்தைத் தாண்டினால் பாறைக்குப் பஞ்சமில்லை. நாலாவது பாறையில் தும்மல் மனம் மாறித் திரும்பிப் போய்விட்டது. இன்றோடு ஒன்பது நாள். ஒன்பது நாளாக என் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. இந்த நாற்பத்திரண்டு வயதில் நான் ஒன்பது நிமிடம் சும்மா இருந்ததாகச் சாட்சி சொல்ல ஓர் ஆள் கிடைக்காது. பேசக்கூடாது. கிசுகிசுக்கக்கூடாது, அது பேசுவதைவிட மோசமாம். கனைக்கக்கூடாது. சிரித்தால் உதட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அழுவதானால் சத்தமில்லாமல் அழலாம், அதற்கு அனுமதி உண்டு. இருமல் வந்தால் என்ன செய்வது என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார், ஏதோ வீட்டுக்கு வருகிற விருந்தாளியை நான் தடுத்துவிடலாம் என்பதுபோல. இடது குரல்நாணில் ரத்தம் கோத்து ஒரு கொப்புளம். வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குள் அது உடைந்தால் தழும்பு விழும், தழும்பு விழுந்தால் குரல் இருக்கும், ஆனால் அது உங்கள் குரலாக இருக்காது. இதை அவர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்.

உங்கள் குரலாக இருக்காது. அப்படியானால் யாருடைய குரலாக இருக்கும்? முப்பது வருடமாக டப்பிங் தியேட்டரில் அடுத்தவர் வாய்க்குள் என் குரலை வைத்துத்தான் சோறு சாப்பிடுகிறேன். கதாநாயகியின் தோழி, கதாநாயகனின் சின்ன வயசு, பேசும் கிளி, சோப்பு விளம்பரத்து அம்மா, எல்லாம் நான். கடைசியாக நான் கொடுத்தது ஓர் அலறல். படத்தில் ஒரு பெண் மொட்டைமாடியிலிருந்து விழுகிறாள், மூன்று விநாடி அலற வேண்டும். முதல் டேக்கே நன்றாகத்தான் இருந்தது. டைரக்டர் பையனுக்கு அலறலில் ஏதோ ஏக்கம் வேண்டுமாம். கீழே விழுகிறவளுக்கு என்ன ஏக்கம் என்று கேட்டிருக்க வேண்டும். வாயாடி என்று பெயர் வாங்கியவள், அன்றைக்குப் பார்த்து கேட்காமல் ஏழு தடவை அலறினேன். ஏழாவது அலறலில் தொண்டைக்குள் ஈரத்துணி கிழிவதுபோல ஒன்று. வலிக்கக்கூட இல்லை. ஓகே மேடம், சூப்பர் என்று ஹெட்போனில் சொன்னார்கள், நான் தேங்க்ஸ் சொல்ல வாயைத் திறந்தேன், வெறும் காற்று வந்தது. அந்தக் காற்று இப்போதும் காதில் இருக்கிறது. ராத்திரி படுத்தால் அதுதான் முதலில் கேட்கிறது.

பஸ்ஸில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்திருக்கும் பெண் பெயர் சௌஜன்யா. சித்தூர்ப் பக்கம், தமிழ் பேசுவதால் தமிழ்க் கூட்டத்துக்கு இவளை விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சீட்டாக வந்து பெயர் கேட்டு, ‘கருநாகக் கோட்டை’ பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கிறாள். பார்க்காதவர்கள் யார் இருப்பார்கள்? தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஐந்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருவில் ஒரு பிள்ளை இருக்காது. தெலுங்கில் எடுத்துத் தமிழில் மாற்றிய தொடர், அதை எடுத்த செட்டைத்தான் பார்க்கப் போகிறோம். தாயைக் கல்லாக்கிவிட்ட நாகராஜனைத் தேடிப் போகும் இளவரசன் ரத்னதீபன். என் முறை வந்தது. பக்கத்திலிருந்த என் கணவர் ஜெயசீலன் முந்திக்கொண்டு, “இவங்க ஜெசிந்தா. பேசமாட்டாங்க” என்றார். முன்சீட்டு அம்மாள் திரும்பி, பிறவியிலேயேவா என்று விசாரித்தாள். இல்லைங்க, இப்பத்தான் என்கிறார் இவர். இப்பத்தான் கரண்ட் போனது என்பதுபோல. இவரிடம் என் வாயை ஒப்படைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஓட்டலில் எனக்கு இட்லி என்று எழுதிக் காட்டினால் தோசை சொல்கிறார். ஒரு நாளைக்குப் பதினைந்து வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனிதர். லிஃப்ட் மெக்கானிக், நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள் தனியாக நின்று பழகியவர். எங்கள் வீட்டுக்கு வேண்டிய பேச்சு மொத்தத்தையும் பதினாலு வருடமாக நானே பேசிவருகிறேன், அவர் கணக்கையும் சேர்த்து.

வீடு அமைதியா இருக்குல்ல. இதைத்தான் சொன்னார். மூன்றாம் நாள் காலை, காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. கஷ்டமாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அமைதியா இருக்குல்ல. ஆறு நாளாக அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு திரிகிறேன். வசனத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை, என்னால் இதைப் பிரிக்க முடியவில்லை. அந்த ‘ல்ல’வில் ஓர் இழுப்பு இருந்தது. அது நிம்மதியா? நிம்மதிதான் என்று பாத்திரம் துலக்கும்போது தோன்றுகிறது. நான் வாயைத் திறந்தால் மூடாதவள், அவருக்குக் காது ஓய்ந்து பதினாலு வருடமாகிறது. வியாழக்கிழமைக்குப் பிறகு நான் ஒரு கரகரப்போடு, தேவைக்கு நாலு வார்த்தை பேசுகிறவளாக வந்தால், அவருக்கு ஒரு குறையும் இருக்காதோ என்னவோ. ஒன்பது நாளில் வலிக்கிறதா என்று ஒரு தடவை கேட்கவில்லை. மாத்திரை எடுத்துத் தருகிறார், தண்ணீர் தருகிறார், நான் நோட்டில் ‘ஒண்ணுமில்லை, சரியாயிடும்’ என்று எழுதிக் காட்டினால் தலையாட்டுகிறார். எழுதினால் நம்பிவிடுகிற மனிதரோடு என்ன செய்வது.

இறங்கச் சொல்கிறார்கள். இந்தச் சுற்றுலாவுக்கு நான்தான் மூன்று மாதத்துக்கு முன்பே அடம்பிடித்து டிக்கெட் போடவைத்தேன். தொண்டை போனதும் ரத்து செய்துவிடலாமா என்றார். நான் நோட்டில் ‘போகலாம்’ என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டேன். ஏனென்றால் வியாழக்கிழமைக்குப் பிறகு எனக்கு இதைப் பார்க்கத் தெம்பு இருக்குமா தெரியாது. இதோ கோட்டை. ஐயோ, இவ்வளவு பெரிதா? ஃபைபரும் பிளைவுட்டும், ஓரத்தில் வர்ணம் உரிந்து, பாம்புத் தலை வைத்த வாசல். கூட்டமே ஓ என்கிறது. முப்பத்தைந்து நாற்பது வயது ஆண்கள் குழந்தைபோல ஓடிப்போய்ப் பாம்பின் பல்லைத் தொடுகிறார்கள். நான் வாசலில் நின்று விழிக்கிறேன். எனக்கு இந்தக் கோட்டையைத் தெரியாது. தமிழ்நாட்டிலேயே ‘கருநாகக் கோட்டை’யைப் பார்க்காத ஒரே பிள்ளை நான்தான். பதினொரு வயது எனக்கு. பள்ளிக்கூடம் லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு டப்பிங். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து மணிக்கு, நான் வடபழனியில் கதவு சாத்திய தியேட்டரில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, அடுத்த வாரத்து ரத்னதீபனுக்குப் பேசிக்கொண்டிருப்பேன். ஆண்பிள்ளைக் குழந்தைக்குப் பெண்பிள்ளையைத்தான் பேசவைப்பார்கள், குரல் உடையாதே என்று. உடையாது என்று என்னை எடுத்தார்கள்.

தியேட்டரிலும் தொடரை முழுதாகக் காட்டமாட்டார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், அதற்கு லூப் என்று பெயர். அதிலும் என் பங்கு வருகிற துண்டு மட்டும். அதிலும் நான் பார்ப்பது அவன் வாயை மட்டும். உதடு எப்போது பிரிகிறது, எப்போது சேருகிறது. பின்னால் கோட்டை இருந்ததா கடல் இருந்ததா, யார் கண்டது? அவனுக்கு மேல்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, ஒருநாள் விழுந்துவிட்டது, மறுபடி முளைத்தது, இது எனக்குத் தெரியும். கீழுதட்டில் ஒரு வெடிப்பு, பனிக்காலத்தில் பெரிதாகும், அதுவும் தெரியும். கதையில் அவன் அம்மா கடைசியில் உயிர்பெற்றாளா என்று பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த வசுமதி சொல்லித்தான் தெரியும். அந்த வசுமதியிடம் ரத்னதீபன் நான்தான் என்று சொன்னேன், பொய் சொல்லாதே என்று கிள்ளினாள். டிவியில் என் பெயர் போட்டால்தானே நம்புவாள். அவள் தப்பில்லை. ஒருநாள் அந்தத் தெலுங்குப் பையன் வசனம் முடிந்த பிறகும் வாயை அசைத்துக்கொண்டிருந்தான், எதையோ மென்றிருப்பான். உதடு அசைந்தால் சத்தம் வேண்டும், அதுதான் எங்கள் தொழில். காகிதத்தில் வசனம் தீர்ந்துவிட்டது. நான் பயந்துபோய் வாயில் வந்ததைப் போட்டு நிரப்பினேன். ‘அஞ்சற்க அமைச்சரே’ என்று செந்தமிழில் முழங்கிவிட்டு, கடைசியில், ‘பாத்துக்கலாம் போ’. எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன், நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். மறுவாரம் ஊரெல்லாம் பாத்துக்கலாம் போ. இதோ கடை போட்டு அதை டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறார்கள். ஒரு பையன் மென்ற பட்டாணிக்கு வந்த வாழ்வு.

“இளவரசன் அந்த டயலாக் சொன்ன இடம் இதுதாங்க” என்று சௌஜன்யா சிம்மாசனத்துப் படியைக் காட்டுகிறாள். இல்லையம்மா, அவன் அதைச் சொல்லவே இல்லை, நான் சொன்னேன், வடபழனியில், ஸ்டூல் மேல். நாக்கு எழுந்துவிட்டது. பல்லைக் கடிக்கிறேன். இதுதான் பயம். பேச வேண்டும் என்று முடிவுசெய்து பேசுகிறவளா நான்? யோசிப்பதற்கு முன்பே வாய் ஓடிவிடும். ஒன்பது நாளாக என் வாய்க்கு நானே வாட்ச்மேன். தூக்கத்தில் பேசிவிடுவேனோ என்று தூங்குவதில்லை. ஜெயசீலன் சின்ன வயதில் திண்டுக்கல்லில் எதிர்வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தத் தொடரைப் பார்த்தவர். கல்யாணமான புதிதில் சாப்பிடக் கூப்பிட்டு அவர் காதில் விழாமல் போக, விளையாட்டாக ரத்னதீபன் குரலில் கூப்பிட்டேன். கையிலிருந்த ஸ்பானரோடு அப்படியே நின்றுவிட்டார். திருப்பிச் சொல்லச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. அவர் எதையும் கேட்பதில்லை. இப்போது சிம்மாசனத்தைப் பார்க்கிறாரா, மேலே தொங்கும் கப்பியையும் கம்பியையும் பார்க்கிறாரா? கம்பியைத்தான். வீடு அமைதியா இருக்குல்ல.

அடுத்தது குகை. உள்ளே கூட்டமாகப் போக வேண்டும், கதவைச் சாத்துவார்கள், ஆறு நிமிடம் காட்சி, நடுவில் வெளியே வர முடியாது என்று சௌஜன்யா சொல்கிறாள். இருட்டு நல்லது, இருட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று நானும் நுழைந்துவிட்டேன். கதவு சாத்திய பிறகுதான் அந்த வாசனை வந்தது. புகை மெஷின். இத்தனை வருடம் சினிமாவில் இருந்துவிட்டு, நாகராஜன் குகை என்றால் புகை விடுவார்கள் என்று யோசிக்காத மண்டை. தரையிலிருந்து வெள்ளையாக எழும்பி முழங்கால், இடுப்பு, மார்பு. துப்பட்டாவை மூக்கில் அழுத்தினேன். துப்பட்டாவுக்குள்ளும் அதே இனிப்பு நாற்றம். நாலைந்து பேர் இருமுகிறார்கள், எவ்வளவு சௌகரியமாக இருமுகிறார்கள், ஒரு கவலையில்லாமல். எனக்குள் அது ஆரம்பித்துவிட்டது. தொண்டைக்குக் கீழே, சின்னதாக, ஒரு எறும்பு. விழுங்கினேன். எறும்பு இரண்டாயிற்று. மறுபடி விழுங்க எச்சில் இல்லை. சிவப்பு விளக்கில் நாகராஜன் தலை ஆடுகிறது, ஸ்பீக்கரில் அவன் சிரிக்கிறான், நான் கொப்புளத்தைப் பார்க்கிறேன், டாக்டர் திரையில் காட்டினாரே, செக்கச்செவேலென்று ஒரு மாதுளை முத்து. அது உடையப்போகிறது, இந்த ஃபைபர் பாம்புக்கு முன்னால், சோப்பு விளம்பரத்து அம்மா, கிளி, ரத்னதீபன் எல்லாரும் ஒரே இருமலில். கதவு எந்தப் பக்கம்? கண்ணில் தண்ணீர் வழிகிறது. கையை நீட்டுகிறேன், யார் தோளோ, யார் பையோ. அப்போது என் கைக்குள் பாட்டில் வந்தது. மூடி திறந்திருந்தது. ஒரு கை என் முதுகில் படிந்து, கொஞ்சம் குனியவைத்தது. குனிந்தபடி ஒரு மிடறு. இன்னொன்று. எறும்பு இருக்கிறது. இன்னொன்று. முதுகில் இருந்த கை நகரவேயில்லை. எவ்வளவு நேரமோ, பாட்டில் காலியாகும்போது கதவைத் திறந்தார்கள். வெளிச்சத்தில் ஜெயசீலன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, வழக்கமான முகம். பாட்டிலை வாங்கி மூடி போட்டுப் பையில் வைத்துக்கொண்டார். நோட்டை எடுத்து ‘ஒண்ணுமில்லை’ என்று எழுதினேன். தலையாட்டினார்.

கடைசிக் கூடத்துக்குள் நுழையும்போது என் குரல் கேட்டது. நினைவில் கேட்பதாகத்தான் நினைத்தேன். பிறகு கூட்டம் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்தேன். “வருக, வருக, பிரதீப்! ரத்னதீபன் உன்னை வரவேற்கிறேன்.” ஆள் உயரத் திரையில் இளவரசன் நிற்கிறான், கணினியில் வரைந்த முகம். எதிரே ஒரு மைக். அதில் பெயர் சொன்னால் வரவேற்கிறான், பேசினால் பதில் சொல்கிறான். பழைய டேப்பிலிருந்து குரலை எடுத்துப் பழக்கியிருக்கிறார்கள், இப்போது கம்ப்யூட்டர் என்ன வேண்டுமானாலும் அந்தக் குரலில் பேசும் என்று சௌஜன்யா பெருமையாக விளக்குகிறாள். என்ன வேண்டுமானாலும். என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் சூடேறுகிறது. பதினொரு வயதில் ஸ்டூல் மேல் நின்றவளை எங்கேயோ பூட்டிவைத்து, இத்தனை நாளும் பேசவைத்துக்கொண்டே இருந்ததுபோல. பிரதீப் என்று ஒரு பெயரை நான் எந்த லூப்பிலும் சொன்னதில்லை. அந்தச் சிறுமி சொல்கிறாள். சித்ரகலா, வருக. ஸ்டாலின், வருக. தழும்பு விழாத குரல், கொப்புளம் வராத குரல். மூச்சே வாங்காமல் பேசுகிறாள். இது போதுமே எல்லாருக்கும். வியாழக்கிழமை எப்படிப் போனால் என்ன, குரல்தான் இங்கே பத்திரமாக இருக்கிறதே. போய் அந்த மைக்கைப் பிடுங்கி, நான் இங்கே இருக்கிறேன் என்று கத்த வேண்டும். கத்தினால் வருமா? வந்தால் எது வரும்? சுவரோடு சாய்ந்து நின்று உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டேன்.

ஜெயசீலன் வரிசையில் நிற்கிறார். நான் அதைப் பார்க்கவே இல்லை, எப்போது போய் நின்றார்? கும்பல் கண்டால் ஒதுங்குகிற ஆள். அவர் முறை வந்ததும் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெயர் சொன்னார். வருக ஜெயசீலன் என்றது என் குரல். எல்லாரும் இவ்வளவோடு நகர்ந்துவிடுவார்கள், இவர் நகரவில்லை. “சாப்பிட்டியா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்று அரண்மனையில் அறுசுவை விருந்து நண்பரே என்று பதில் வந்தது. என்ன குழம்பு என்று கேட்டார். பதில் வந்தது. மழை வருமா என்று கேட்டார். அதற்கும் வந்தது. காது மடலைத் திரைப் பக்கம் திருப்பிவைத்துக் கேட்கிறார், லிஃப்ட் மோட்டாரில் கோளாறு கேட்கும்போது நிற்பாரே, அப்படி. பதினைந்து வார்த்தை எப்போதோ தாண்டிவிட்டது. பின்னாலிருந்து ஒருவர், சார், கொஞ்சம் சீக்கிரம் என்றார். இன்னும் ஒண்ணே ஒண்ணு என்று கையைக் காட்டினார். பிறகு, மைக்கை வாயோடு ஒட்டிவைத்து, மிக மெதுவாக, இளவரசனிடம் யாரும் கேட்காத விதத்தில் கேட்டார்.

“பயமா இருக்காம்மா?”

பயமா, ரத்னதீபனின் நாட்டில் அந்தச் சொல்லே கிடையாது நண்பரே என்று கூடம் அதிர முழங்கியது என் குரல். ஜெயசீலன் சரி என்று தலையாட்டினார். நான் எழுதிக் காட்டுகிற ஒண்ணுமில்லைக்கு ஆட்டுகிற அதே தலை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். ஆமாங்க என்ற வார்த்தை நாக்கு நுனிக்கே வந்து நிற்கிறது, மூச்சைக்கூட இழுத்துவிட்டேன், விட்டால் போதும், சத்தம்தான். வாயை மூடினேன். மூச்சை மூக்கு வழியாக விட்டேன். அவர் தாடையைப் பிடித்துத் திரையிலிருந்து என் பக்கம் திருப்பி, அவர் கண்ணைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு தடவை ஆட்டினேன். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று.

“எனக்கும்” என்றார்.

மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. தங்கள் கேள்வி விளங்கவில்லை நண்பரே, மீண்டும் கூறுங்கள் என்றது திரை. அவர் மைக்கைப் பின்னால் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். நான் அப்போதும் தலையாட்டிக்கொண்டேயிருந்தேன்.